மட்டையை வெட்டாதீர்கள்: பழைய உருவப்படங்கள் பற்றி வாசகர் கேட்டவை

பழைய உருவப்படங்களைச் சேர்ப்பது, மதிப்பிடுவது, காப்பது பற்றி வந்த கேள்விகளில் ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை இம்முறை ஒன்றாக எடுத்திருக்கிறோம்.

வட்டுக்கோட்டை வீட்டிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியில், தடித்த மட்டையில் ஒட்டிய சிறிய படங்கள் நிறைய இருக்கின்றன. சிலவற்றில் ஸ்டூடியோப் பெயர் உண்டு. ஆட்களின் பெயர் இல்லை. எந்தக் காலத்தவை என்று எப்படி அறிவது?
வாசகி, வெள்ளவத்தை

அடிமட்டத்தை எடுத்து முதலில் மட்டையை அளவுங்கள், படத்தை அல்ல. ஏறக்குறைய 63க்கு 100 மில்லிமீற்றர் என்றால் அது ‘கார்ட் டி விசிட்’. பாரிசில் டிஸ்டேரி என்பவர் 1854இல் காப்புரிமை பெற்ற வகை. 1860களில் உலகமெங்கும் பரவியது. 108க்கு 165 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் ‘கபினட்’ மட்டை. அது 1866இல் புழக்கத்துக்கு வந்து, நூற்றாண்டு முடியும் வரை ஸ்டூடியோக்களில் கோலோச்சியது.

அடுத்தது மட்டையின் தடிப்பும் மூலையும். 1860களின் மட்டை மெல்லியது. நாலு மூலையும் கூராக இருக்கும். பின்பக்கத்தில் ஸ்டூடியோப் பெயர் சின்ன எழுத்தில் ஓரிரு வரி, அவ்வளவுதான். 1870களில் மூலைகள் உருண்டன. 1880களுக்கு வந்தால் மட்டை தடித்து, விளிம்பில் பொன்பூச்சு ஏறி, பின்பக்கம் முழுவதும் கொடியும் பூவும் பதக்கமுமாக நிறைந்துவிடும். கறுப்பு, கரும்பச்சை, மெரூன் மட்டைகளும் பெரும்பாலும் அந்தக் காலத்தவை. ஆனால் இந்த ஆண்டுகளை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். மட்டைகளை ஸ்டூடியோக்கள் மொத்தமாக வாங்கி வைத்தன. பழைய இருப்பு தீரும்வரை பாவித்தன. ஒரு மட்டை ‘இந்த ஆண்டுக்கு முந்தியது அல்ல’ என்று உறுதியாகச் சொல்லும். ‘இந்த ஆண்டுக்குப் பிந்தியது அல்ல’ என்று சொல்லாது.

பிறகு படத்தின் தாள். செட்டியார் தெருவில் கல் பார்க்கப் பிடிக்கும் 10 மடங்கு பூதக்கண்ணாடி போதும். ஜன்னலோரம் வைத்து, படத்தில் வெளிர்நிறமாக உள்ள இடத்தை, அதாவது வேட்டியை அல்லது பின்திரையைப் பாருங்கள். படத்தின் ஊடாகத் தாளின் நார்கள் தெரிகின்றனவா? நிறம் கபிலமா, வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளித்திருக்கிறதா? சாய்த்துப் பார்த்தால் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது முட்டை வெண்கருப் பூச்சுள்ள ‘அல்புமின்’ தாள். 1850இல் அறிமுகமாகி 1890களின் நடுப்பகுதிவரை இதுவே ஆண்டது. தாள் மிக மெல்லியது, தானாகச் சுருண்டுவிடும். மட்டையில் ஒட்டியதே அதனால்தான். நார் தெரியாமல் வழவழப்பாக, வெளிர்ப்பகுதி வெள்ளையாகவே இருந்தால், தாளுக்கும் படத்துக்கும் நடுவில் பரைற்றா என்ற வெள்ளைப் பூச்சு இருக்கிறது. பொதுவாக 1880களின் பிற்பகுதிக்குப் பிந்தியது. விளிம்பை அண்டிய கரும்பகுதிகளில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு ஏறியிருந்தால் ஜெலற்றின் என்ற விலங்குப் பசை பூசிய தாள். படத்தை உருவாக்கிய வெள்ளி மேலே கிளம்பி வந்திருக்கிறது. அதைத் துடைக்கக் கூடாது. துடைத்தால் போவது அழுக்கு அல்ல, படம்.

பூதக்கண்ணாடியில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்படமே அல்ல, அச்சகத்தில் அடித்தது.

வட்டுக்கோட்டை என்பதால் இன்னொன்று. 1823இல் அங்கே செமினரி தொடங்கிய அமெரிக்க மிஷன் வழியாக அமெரிக்காவில் எடுத்த படங்களும் நமது பெட்டிகளுக்குள் வந்திருக்கலாம். பின்பக்கத்தில் அமெரிக்க வரி முத்திரை ஒட்டியிருந்தால் அந்தப் படம் 1864 செப்டெம்பருக்கும் 1866 ஓகஸ்டுக்கும் இடையில் அங்கே விற்கப்பட்டது. இவ்வளவு துல்லியமாகக் காலம் சொல்லும் அடையாளம் வேறில்லை.

கடைசியாக, பெட்டியில் படங்கள் எந்த ஒழுங்கில் கிடந்தனவோ அதைக் கலைக்க முன் கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துவிடுங்கள். எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பது பெயர் கண்டுபிடிக்கையில் உதவும்.

பூட்டியின் படம் ஒன்று உண்டு. சேலை வெள்ளையாகத் தெரிகிறது. நெற்றியில் கறுப்புப் பொட்டு. கைம்பெண்ணாக இருந்தபோது எடுத்தது என்று ஒரு சித்தி சொல்கிறார், மற்றவர் மறுக்கிறார். எது சரி?
வாசகி, தெஹிவளை

அந்தக் காலப் படத்தில் நிறத்தை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. கமராவுக்குள் வைத்துப் படம் பிடித்த பழைய கண்ணாடித் தகடுகளில் நீல ஒளி மட்டுமே நன்றாகப் பதியும். சிவப்புப் பதியாது, மஞ்சள் அரைகுறை. ஆகவே நீலச் சேலை கிட்டத்தட்ட வெள்ளையாக வரும். அரக்கும் மஞ்சளும் கறுப்பாக வரும். சிவந்த குங்குமம் கறுப்புப் பொட்டாகத் தெரிவதும் இதனால்தான். திருநீறு வெள்ளையாகவே வரும். சந்தனம் தோலோடு கலந்து காணாமல் போய்விடும். பொன் நகை மினுங்கும் இடம் தவிர மற்ற இடமெல்லாம் இருண்டிருக்கும். மாநிறத்தவர்கள் படத்தில் இன்னும் கறுப்பாக விழுந்ததும், அதைச் சரிக்கட்ட ஸ்டூடியோக்காரர் நெகற்றிவில் பென்சில் வைத்து முகத்தை வெளுப்பித்ததும் இதே காரணத்தால்.

எல்லா நிறத்தையும் ஏற்கும் தகடு இங்கிலாந்தில் 1906இல் விற்பனைக்கு வந்தது. ஆனாலும் சிவப்பு விளக்கில் கழுவக்கூடிய பழைய வகையையே பல ஸ்டூடியோக்கள் நெடுங்காலம் விடவில்லை.

உங்கள் படத்தில் பொட்டு இருக்கிறது. அதுவே பெரிய சான்று. தாலிக்கொடி, தோடு, மூக்குத்தி, கைவளையல் என்று பூதக்கண்ணாடியால் தேடுங்கள். சேலை நீலமாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மறுத்தவர் பக்கமே எங்கள் தீர்ப்பு.

சிறிய மடிப்புப் பெட்டிக்குள் கண்ணாடி போட்ட படம். சாய்த்தால் ஆள் மறைகிறார். வெள்ளித் தகடா? வெள்ளி மினுக்கி போட்டுத் துடைக்கலாமா?
வாசகர், கொட்டாஞ்சேனை

துடைக்கவே வேண்டாம். பெட்டிக்குள் வரும் படங்கள் மூன்று வகை. முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளத்து, ஒரு கோணத்தில் படமாகவும் மறு கோணத்தில் நெகற்றிவாகவும் தெரிவது ‘டகரோடைப்’: வெள்ளி பூசிய செப்புத் தகடு, 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. எந்தக் கோணத்திலும் படமாகவே தெரிந்து, பின்னால் கறுப்பு அரக்கோ துணியோ உள்ள கண்ணாடி ‘அம்ப்ரோடைப்’, 1850களின் நடுவில் தொடங்கியது. காந்தம் ஒட்டினால் ‘டின்டைப்’. பெயரில் டின் இருந்தாலும் அது இரும்புத் தகடு, 1856க்குப் பிந்தியது. காந்தத்தை முன்பக்கம் வைக்காமல் பெட்டியின் பின்புறத்தில் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள்.

நீங்கள் சொல்வது டகரோடைப்பாக இருந்தால் மிக அரிய பொருள் உங்கள் கையில் இருக்கிறது. அதில் படம் என்பது தகட்டின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும் நுண்துகள். பஞ்சு பட்டாலும் போய்விடும். ஓரத்தில் நீல, ஊதா வளையம் தெரிந்தால், தகட்டையும் கண்ணாடியையும் சுற்றி ஒட்டிய பழைய தாள் விட்டுக் காற்று உள்ளே போகிறது என்று பொருள். பெட்டியைத் திறந்து வைக்காமல், கண்ணாடியைக் கழற்றாமல், அமிலமில்லாத தாளில் சுற்றிப் படுக்கையாக வையுங்கள். மேலே செய்ய வேண்டியது பயிற்சி பெற்ற பேணுநரின் வேலை.

பழைய சாமான் வியாபாரி ஒருவர் எங்கள் படங்களுக்கு விலை பேசினார். மட்டையை வெட்டிவிட்டால் அல்பத்தில் வைக்க வசதி என்றும் சொன்னார். என்ன விலை நியாயம்?
வாசகர், பம்பலப்பிட்டி

வெட்டாதீர்கள். இந்தப் பகுதியில் ஒரே ஒரு சொல்லை நீங்கள் நினைவில் வைத்தால் அது இதுவாக இருக்கட்டும். மட்டையில்தான் ஸ்டூடியோப் பெயரும் ஊரும் நெகற்றிவ் இலக்கமும் இருக்கின்றன; பின்பக்கத்தில்தான் யாரோ பென்சிலால் எழுதிய ஒரு பெயரோ தேதியோ கிடக்கும். அவை போனால் மிஞ்சுவது யாரோ ஒருவரின் முகம். பெயர் தெரியாத விக்டோரியா காலத்து முகங்கள் கோடிக்கணக்கில் உள்ளன. இங்கிலாந்தில் ஒன்று சில பவுணுக்கே போகும். அதே அளவு மட்டையில் ‘இன்னார், இன்ன ஊர், இன்ன ஆண்டு’ என்ற வரி இருந்தால் அது ஆவணம்.

விலையைத் தீர்மானிப்பவை பல, எல்லாம் ஒரே எடை அல்ல. படத்தில் இருப்பவர் யார் என்ற சான்றுக்கு முதலிடம். அடுத்தது எங்கே எடுத்தது, யார் எடுத்தார். உடையும் தொழிலும் தெரிவது அதற்கடுத்து: வாத்தியத்தோடு நாதஸ்வரக்காரர், தராசோடு செட்டியார், தலைப்பாகையோடு முதலியார் என்றால், வெறுமனே கதிரையில் கை வைத்து நிற்பவரைவிட நாடுவோர் அதிகம். படம் எவ்வளவு பழுதில்லாமல் இருக்கிறது என்பது கடைசியில்தான் வருகிறது என்று சொல்லமாட்டோம். முகத்தில் கீறல் விழுந்த படத்தின் விலை பாதிக்குக் கீழே போகலாம், மட்டையின் மூலை மடிந்ததற்கு அவ்வளவு இறங்காது.

ஸ்டூடியோப் பெயர்களில் கொழும்பில் அடிக்கடி அடிபடுபவை ஸ்கீன், பிளாட்டே, கண்டியில் ஸ்கோவன். பிளாட்டே 1890இல் கொழும்பில் தொடங்கியது. அதனால் அந்தப் பெயருள்ள மட்டையை ‘1870’ என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். இந்தப் பெரிய ஸ்டூடியோக்கள் இரண்டு வகை உருவப்படம் எடுத்தன. ஒன்று, வாடிக்கையாளர் காசு கொடுத்து எடுத்த குடும்பப் படம். மற்றது, கப்பலில் வந்த பயணிகளுக்கு விற்க எடுத்தது: ‘தமிழ்ப் பெண்’, ‘கொழுந்து பறிப்பவள்’ என்று கீழே தலைப்பிட்டு, ஆளின் பெயரை எழுதாமல் விட்டவை. இரண்டாவது வகைக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளரிடம் கிராக்கி அதிகம். ஆனால் அவற்றின் நெகற்றிவை வைத்துப் பல ஆண்டுகள் பிரதி போட்டார்கள். படம் எடுத்த ஆண்டும் உங்கள் கையில் இருக்கும் பிரதி அச்சான ஆண்டும் ஒன்றல்ல. முந்திய பிரதிக்கே விலை. முதல் வகையை நாங்கள் மேலாக மதிக்கிறோம்: ஒரு பிரதியோ ஆறு பிரதியோதான் அடித்திருப்பார்கள், போரிலும் இடப்பெயர்விலும் அவையும் அழிந்தன. சந்தை அதை இன்னும் உணரவில்லை.

பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்குக் குடிவந்து, 1879இல் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானவர். அவர் பெயரைச் சொல்லி யாராவது பெரிய தொகை கேட்டால், கையெழுத்தும், படம் கைமாறி வந்த வழிக்கு எழுத்துச் சான்றும் கேளுங்கள். இலங்கையில் அவர் எடுத்தது மிகச் சில.

இனி, விலை பார்க்கும் முறை. இணைய விற்பனைத் தளத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ‘விற்றுமுடிந்தவை’ என்ற வடிகட்டியைப் போட்டு, அதே அளவு, அதே நாடு, அதே ஸ்டூடியோ என்று மூன்றும் பொருந்தும் ஐந்தாறு விற்பனைகளை எடுங்கள். ஏலப் பெறுபேற்றில் வாங்குபவர் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக, சுத்தியல் விழுந்தது 100 பவுணுக்கு, வாங்குபவர் கட்டணம் 25 வீதம், விற்பவர் தரகு 15 வீதம் என்றால் வாங்கியவர் கொடுத்தது 125, விற்றவர் கைக்கு வந்தது 85. வியாபாரி உங்களிடம் 85இலும் குறைவாகக் கேட்பது ஏமாற்று அல்ல, அவருக்கும் கடையும் காத்திருப்பும் உண்டு. 10 பவுண் பெறுமதி சொன்னால்தான் யோசிக்க வேண்டும். பெட்டியோடு மொத்தமாக விலை பேசுவதற்கு மட்டும் உடன்படாதீர்கள்.

மருதானைப் பழைய புத்தகக் கடைகளிலும் இணையத்திலும் வாங்கத் தொடங்கியிருக்கிறேன். போலியை எப்படிக் கண்டுகொள்வது?
வாசகர், கொழும்பு 13

புற ஊதா டோர்ச் ஒன்று வாங்குங்கள், நாணயத்தாள் பார்ப்பது போதும். இருட்டில் பிடித்தால் தாள் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால், தாளை வெண்மையாகக் காட்ட 1950களில் சேர்க்கத் தொடங்கிய வெளிர்ப்பான் அதில் இருக்கிறது. 1880 படம் என்ற கதை அங்கேயே முடிந்தது. ஒளிராதது எல்லாம் பழையது என்று மட்டும் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய மட்டையில் புதுப் படம் ஒட்டுவதும் உண்டு: படத்தைச் சுற்றி மட்டையில் வேறு அளவில் பழைய ஒட்டின் நிழல் தெரிகிறதா, மட்டையில் இருக்கும் கறை படத்தின் விளிம்பில் திடீரென்று நின்றுவிடுகிறதா என்று பாருங்கள்.

இணையத்தில் ‘இறந்தவரை நிறுத்தி எடுத்த படம்’ என்று விலை ஏற்றி விற்பவர்களை நம்பாதீர்கள். காலுக்குப் பின்னால் தெரியும் இரும்பு அடித்தளம், உயிருள்ளவர் சில நொடி அசையாமல் நிற்கத் தலையைத் தாங்கிய தண்டு. ஒரு சடலத்தை நிறுத்தும் வலு அதற்கு இல்லை. நம் வீடுகளில் இறந்தவரோடு எடுத்த படங்களில் பெட்டியும் மாலையும் சுற்றி நிற்கும் உறவினரும் தெளிவாகவே இருப்பார்கள்.

அப்பப்பாவின் பெரிய படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது. நனைத்துக் கழற்றலாம் என்கிறார்கள்.
வாசகி, கல்கிசை

கூடாது. படத்தின் மேல் உள்ள ஜெலற்றின் கொழும்பு ஈரத்தில் ஊறி இளகி, கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்திருக்கிறது. பெரிதாக்கிய அந்தக் காலப் படங்களில் பெரும்பாலும் மேலே கரியும் வர்ணமும் தீட்டியிருப்பார்கள். தண்ணீர் பட்டால் அதுதான் முதலில் ஓடும். பிரேமின் பின்பலகையை மட்டும் கழற்றி, படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே வெளியே எடுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும், துணியில் தண்ணீர் தொட்டுத் துடைத்து, இருபுறமும் 45 பாகையில் விளக்கு வைத்து, கமராவை நேராக நிறுத்திப் படம் எடுத்துவிடுங்கள். அந்தப் பிரதியைச் சுவரில் மாட்டலாம். மூலத்தைக் கண்ணாடியோடு படுக்கையாக வையுங்கள்.

ஒட்டாத படங்களைப் பிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் 3 மில்லிமீற்றராவது இடைவெளி வேண்டும். தடித்த அட்டைச் சட்டம் வைத்தால் அது கிடைக்கும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், சாமி விளக்குக்கு மேலேயும் வேண்டாம்.

பூஞ்சணமும் இராமபாணப் பூச்சியும் பெரிய தொல்லை. வெயிலில் காயவைத்து, அந்துருண்டை போடுகிறோம். சரிதானா?
வாசகர், மட்டக்குளி

இரண்டும் தவறு. வெயில் படத்தை வெளுப்பித்து மட்டையை வளைக்கும். அந்துருண்டை ஆவி பிளாஸ்டிக் உறைகளை இளக்கும், படத்தின் மேல் மீண்டும் படியும். கற்பூரமும் வேண்டாம்.

பூஞ்சணம் பிடித்தவற்றை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்து, ஏசி அறையில் விரித்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஈரமாக இருக்கும்போது தொட்டால் பூஞ்சணம் படத்துக்குள் தேய்ந்து இறங்கும். காய்ந்தபின், முகக்கவசம் போட்டு, வெளி வாசலில் நின்று, மென்மயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி கூடாது: பூஞ்சணம் தின்ற ஜெலற்றின் தண்ணீரில் கரைந்துவிடும், முகமே துணியோடு வந்துவிடும்.

பூச்சிக்கு: மட்டைப் படங்களைத் தடித்த பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, மைனஸ் 18 பாகை காட்டும் ஆழ்குளிரூட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டால் படத்தின் மேல் நீர் வியர்க்கும். கண்ணாடிப் படங்களையும் உரிந்து நிற்பவற்றையும் இப்படிச் செய்யக்கூடாது.

பிறகு, ஒவ்வொன்றையும் பொலிப்புரொப்பிலீன் அல்லது பொலியெஸ்டர் உறையில் போட்டு, இறுக்க மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். பீ.வீ.சி. உறையும், ஒட்டும் பக்கமுள்ள ‘மேக்னெற்றிக்’ அல்பமும் ஆகாது. அந்த அல்பத்தின் பசையும் பீ.வீ.சி.யிலிருந்து வரும் அமிலமும் படத்தைத் தின்னும். பெட்டிக்குள் செம்மஞ்சள் நிறச் சிலிக்கா ஜெல் பொதியும், சிறிய ஈரப்பதமானியும் வையுங்கள். 35க்கும் 50 வீதத்துக்கும் இடையில் நின்றால் நல்லது. 30க்குக் கீழே இறங்க விடாதீர்கள், அல்புமின் தாள் வெடிக்கும். ஜெல் நிறம் மாறினால் 120 பாகை அடுப்பில் இரண்டு மணிநேரம் உலர்த்தித் திரும்பப் பாவிக்கலாம். பெட்டி நிலத்தில் இருக்கக்கூடாது, கறையான்.

பின்பக்கத்தில் பெயர் எழுதலாமா?
வாசகி, வத்தளை

எழுதுங்கள், இன்றைக்கே, தெரிந்தவர் இருக்கும்போதே. பேனை வேண்டாம், 2பி பென்சில். படத்தைச் சுத்தமான தாளில் கவிழ்த்து, விளிம்போரம், அழுத்தாமல். முழுப்பெயர், ஊர், யாருக்கு என்ன முறை. ‘பெரியம்மா’ என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்கு யாருடைய பெரியம்மா என்று தெரியாது. 1970களுக்குப் பிந்திய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் ஏறாது, உறையில் எழுதுங்கள். ஊகம் என்றால் கேள்விக்குறி போடுங்கள்.

ரொறன்ரோவில் உள்ள மகளுக்கு மூலப்படங்களை அனுப்பலாமா? சட்டச் சிக்கல் வருமா?
வாசகர், வெள்ளவத்தை

தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றைப் பற்றியது. புகைப்படம் அதற்குப் பிறகு வந்தது. ஆனால் 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துக்கள் சட்டம் ஏற்றுமதிக்கு அனுமதிப் பத்திரம் கேட்கிறது. ஆகவே பழைய மூலங்களை அனுப்ப முன், பட்டியலும் ஸ்கேன் பிரதியும் எடுத்துக்கொண்டு கொழும்பு 7இல் உள்ள தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். வாய்மொழி போதாது.

ஸ்கேன் இரண்டு பக்கமும் வேண்டும்: சிறிய மட்டைக்கு 1200, கபினட்டுக்கு 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), ‘டிஃப்’ கோப்பாக, நிறத்தில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கறையும் மங்கலும் பிரித்தறிய முடியாமல் போகும். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிறது. பெயரும் ஊரும் உள்ள படங்களின் பிரதியை அங்கேயும் கொடுத்து வையுங்கள்.

அனுமதி கிடைத்தால், ஒவ்வொரு படத்தையும் உறையிலிட்டு, படத்தைவிட நாலு பக்கமும் 3 சென்ரிமீற்றர் பெரிய இரண்டு கடின அட்டைகளுக்கு நடுவில் வைத்து, அட்டைகளை மட்டும் டேப் ஒட்டுங்கள். டேப் படத்தின் மட்டையில் படக்கூடாது. இரண்டு அட்டைகளின் நார் ஓட்டமும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருந்தால் பொதி மடியாது. எல்லாவற்றையும் ஒரே பொதியில் போடாமல் இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு நாளில் அனுப்புங்கள்.